கரைவீடா, தோப்புவீடா

மணி பத்தேகால். இருபது பிள்ளைகளும் தலையக் கவுத்தாச்சு. இனி ஒண்ணேகால் வரைக்கும் இந்த ரூமுக்கு நான்தான் காவல். உக்காரக் கூடாது, படிக்கக் கூடாது, போன் கூடவே கூடாது, அத ஆபீஸ் ரூம்லயே வாங்கிக் கவர்ல போட்டு வச்சுட்டாங்க, யோசிக்கக் கூடாதுன்னு மட்டும் இன்னும் சர்க்குலர் வரல. வேதியியல் பரீட்சைக்குத் தமிழ் டீச்சர், கேள்வித்தாளத் தலைகீழாப் பிடிச்சாலும் எனக்கு ஒண்ணுதான், அதுக்குத்தான என்னையப் போடுதாங்க. ஒண்ணரைக்குப் பதில் சொல்லணும். ஒண்ணரை தாண்டினா கரைவீட்ட வேற பார்ட்டிக்குக் குடுத்துருவேன்னு பர்னாந்து சொல்லிட்டாரு. கரைவீடா, தோப்புவீடா. ரெண்டும் அவரு வீடுதான், ரெண்டும் மணப்பாட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, ஒண்ணு மணல்லயே நிக்குது, அலை வந்து படியத் தொட்டுட்டுப் போகுமாம், இன்னொண்ணு அரை மைல் உள்ள தள்ளி முந்திரித் தோப்புக்கு நடுவுல. மே மாசம் முதல் வாரம், மூணு நாள், நாலு பொம்பளைக, புருஷன் கிடையாது, பிள்ளை கிடையாது. இருபத்திரெண்டு வருஷமா ஒரே ஸ்டாஃப் ரூம்ல ஒரே ஊறுகாய் பாட்டில்ல கைய விட்ட நாலு பேரு, கோவில்பட்டியில பஸ் ஏறினா ரெண்டு மணி நேரத்துல கடல், ஒரு தடவ சேந்து போனதில்ல. ஷம்சாத் அக்காதான் ஆரம்பிச்சு வச்சாங்க. வேதியியல் டீச்சர், இந்த மே மாசத்தோட ரிட்டயர்டு, அப்புறம் ஓசூர்ல மக வீட்டுக்குப் போறாங்க, ஒரேயடியா. ‘அலைச்சத்தத்தத் தலைமாட்டுல வச்சுட்டு ஒரு தடவ தூங்கணும், வேற ஒண்ணும் கேக்கல’ன்னு சொன்னாங்க. அவங்களுக்குக் கரைவீடு. காந்திமதிக்கும் கரைவீடு, கணக்கு டீச்சர், அக்கா எந்தப் பக்கமோ அவளும் அந்தப் பக்கம். பி.டி. டீச்சர் ஜெனோவா மட்டும் தோப்புவீடு, தோப்புவீடுன்னு ஒத்தக் கால்ல நிக்கா. கடைசியில ஷம்சாத் அக்கா நேத்து குரூப்புல போட்டுட்டாங்க, ‘வடிவு சொல்லட்டும், அவ சொல்றதுதான் முடிவு’ன்னு. வடிவு நான்தான். சங்கரவடிவு. நான் என்ன சொல்லப் போறேன்னு எனக்கு ஒரு வாரமாத் தெரியும். தோப்புவீடுன்னு சொல்லுவேன். ஜெனோவா இவ்வளவு தூரம் கெஞ்சுதாளே, அவ மனசையும் பாக்கணும்லான்னு சொல்லுவேன். கெட்ட பேரு அவளுக்குப் போயிரும்.

மூணாவது வரிசையில ஒருத்தி பேனா மூடியக் கடிக்கா. கடி, கடி, உள்ள இருந்து விடை வரும். ஜெனோவாவ நெனச்சா எனக்கு ஆச்சரியந்தான். ஒரு விளையாட்டு விழாவ நடத்துத மாதிரி இந்த மூணு நாளையும் நடத்துதா, இன்னும் ஒருத்தியும் பொட்டி கட்டல, அதுக்குள்ள. நாங்க மூணு பேரும் என்ன சேலை எடுக்கலாம்னு பேசிட்டிருக்கும்போது அவ பர்னாந்துக்குப் போன் போட்டு, கெணத்துத் தண்ணி உப்பா நல்லதா, கேஸ் சிலிண்டர் ஒண்ணா ரெண்டா, கக்கூஸ் கதவுத் தாப்பா உள்ள இருந்து ஒழுங்கா விழுமான்னு கேக்கா. தாப்பாவப் போட்டு இழுத்து வீடியோ அனுப்பச் சொன்னா, அந்த மனுஷனும் அனுப்பினாரு. யாருக்குச் சர்க்கரை, யாருக்கு மூட்டுவலி, ஷம்சாத் அக்கா தொழுகைக்கு எந்த ரூம்ல எடம், எந்தக் கறிக்கடை, காந்திமதி சமைக்கும்போது பக்கத்துல யாரு நிக்கக் கூடாது, எல்லாம் அந்தத் தலைக்குள்ள இருக்கு. அதுல கிறுக்குத்தனமும் உண்டு, இல்லன்னு சொல்ல மாட்டேன். சாப்பாட்டு மேசை வட்டமா நீளமான்னு கேட்டா. நீளம்னு பர்னாந்து சொன்னதும், வட்ட மேசை போட முடியுமான்னு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினா. ‘சாப்பிடத்தான் போறோம், பெண்ணு பாக்கவா போறோம்’னு காந்திமதி கிண்டல் பண்ணினா. பின்கட்டு வராந்தாவுல டியூப்லைட் எரியுதான்னு கேட்டா. ஹால்ல ஓடுத பழைய ஏசி கடகடங்கும், அது வேண்டாம், ஃபேன் போதும்னா, மே மாசத்துல, மணப்பாட்டுல. படகுல ஒரு சுத்து போகலாம்னு அக்கா ஆசைப்பட்டப்ப, மோட்டார் படகு வேண்டாம், வேணும்னா துடுப்புப் போட்டுக் கூட்டிட்டுப் போறவன நான் பிடிக்கேன்னா. எதுக்குத்தான் இவளுக்கு இந்த வம்புன்னு நெனப்பேன். ஆனா அவ சொன்னா நடக்கும். பெரியதாழைக்காரி, கடலுக்குள்ள பொறந்து வளந்தவ, ஆம்பளைக் குரல், மைதானத்துல விசிலே தேவையில்ல. எனக்கு அந்தக் குரல் ரொம்பப் பிடிக்கும். இப்போல்லாம் எனக்கு ஒழுங்கா வந்து சேருத குரல் அது ஒண்ணுதான்.

சொல்லிட்டேன். மனசுக்குள்ள கூட இத முழுசாச் சொல்ல விடமாட்டேன், எப்படியோ வாய் தவறிச் சொல்லிட்டேன். எனக்குக் காது கேக்கல. ரெண்டு வருஷம் ஆகுது. மொதல்ல குக்கர் விசில் போச்சு, சோறு குழைஞ்சு களியாப் போனப்ப, எங்க ஞாபகம்னு வீட்டுல அவரு கத்தினாரு, அவரு கத்துனது நல்லாக் கேட்டுச்சு. அப்புறம் காலையில குருவி போச்சு. அப்புறம் பிள்ளைகளோட குரல், அதுவும் கடைசி பெஞ்சு. செய்யுள் ஒப்பிக்கையில வாயப் பாத்துட்டே இருப்பேன், எனக்குத்தான் பாட்டு மனப்பாடமாச்சே, எங்க தப்பும்னு உதட்டுலயே தெரிஞ்சுரும், கெட்டிக்காரி நான், அதுல எல்லாம் கொறச்சல் இல்ல. போன வருஷம் திருநெல்வேலிக்குப் பட்டுச்சேலை எடுக்கப் போறேன்னு சொல்லிட்டுத் தனியாப் போயி டாக்டர்ட்ட காட்டினேன். கண்ணாடி ரூம்ல உக்கார வச்சு, சத்தம் கேட்டா விரலத் தூக்குங்கன்னாங்க. நான் ரொம்ப நேரமா விரலத் தூக்காம உக்காந்திருந்தேன். இன்னும் மிஷினப் போடலையோன்னு நெனச்சேன். வெளிய வந்து ஒரு பேப்பரக் குடுத்தாங்க, கோடு ஒண்ணு மாடிப்படியில விழுந்தவ மாதிரி கீழ எறங்குது. காதுக்கு மிஷின் வச்சுக்கோங்கம்மா, இப்பவே வச்சாத்தான் பழகும்னாரு டாக்டர். அந்தப் பேப்பர் பீரோவுல ஜாக்கெட் துணிக்கு அடியில கெடக்கு. காதுக்குள்ள எதையும் மாட்டிட்டு வகுப்புக்குள்ள போக என்னால ஆகாது. செவிட்டு டீச்சர்னு ஒரு நாள்ல பேரு வச்சிரும் பிள்ளைக, எனக்குத் தெரியும், நானும் பேரு வச்ச பிள்ளைதான். திமிரு பிடிச்சவன்னு சொல்லட்டும், கூப்பிட்டா திரும்பிக் கூடப் பாக்க மாட்டா, பெரிய மகாராணின்னு சொல்லட்டும், சொல்லுதாங்க, எனக்கு அது தேவலை. அதுனாலதான் எனக்குக் கரைவீடு வேண்டாம். வகுப்புன்னா எனக்குப் பாடம் தெரியும், ஸ்டாஃப் ரூம்னா யாரு என்ன பேசுவான்னு தெரியும். மூணு நாள், பகலும் ராவும், பக்கத்துல ஓயாம எரைஞ்சுக்கிட்டுக் கெடக்குற கடல வச்சுக்கிட்டு நாலு பேரு பேசினா என் காதுல விழுறது கடல் மட்டுந்தான். எல்லாரும் சிரிக்கும்போது நானும் சிரிப்பேன், ஒரு நொடி பிந்திச் சிரிப்பேன். மொத நாளே கண்டுபிடிச்சிருவாங்க.

என்ன. எல்லாரும் ஏன் என்னையப் பாக்காங்க. அஞ்சாறு பிள்ளைக தலையத் தூக்கி என்னையப் பாக்குதுக, கண்ணு என் மேல இல்ல, எனக்குப் பின்னாடி. திரும்புதேன். சன்னலோரம் கடைசி பெஞ்சுக்காரி எந்திரிச்சு நிக்கா. எவ்வளவு நேரமா நிக்காளோ. கை கூடத் தூக்கியிருக்கா, கை தளர்ந்து காதுக்கிட்ட வந்துட்டு. கூப்பிட்டிருப்பா, மிஸ், மிஸ், மிஸ்னு, ரூமே கேட்டிருக்கும், நான் கேக்கல. பக்கத்துல போறேன், வாயப் பாக்கேன், ‘அடிஷனல் ஷீட் மிஸ், நாலு தடவ கூப்ட்டேன்.’ கோவமா இல்ல அவ மூஞ்சி, பாவமா இருக்கு, அவளுக்கு நேரம் போகுது, பொதுத்தேர்வு, அவ நேரத்த நான் தின்னிருக்கேன். ஷீட்டக் குடுத்து, நம்பர எழுதி, கையெழுத்துப் போடுதேன். ‘யோசனையில இருந்துட்டேன்மா’ன்னு சொல்லுதேன். பொய். இனிமே வரிசைக்குள்ளயே நடக்கணும், எல்லா மூஞ்சியும் கண்ணுல இருக்கணும், ஒருத்தியும் முதுகுக்குப் பின்னாடி வரப்படாது. வார்னிங் பெல்லு அடிச்சாத் தெரியுமா, அதுக்கு வாட்ச் இருக்கு. இப்படித்தான் ஒவ்வொரு நாளும் ஓடுது, காவல் காக்கேன், பிள்ளைகளுக்கு இல்ல, எனக்கு. இதே ரூம்ல ஜெனோவா இருந்திருந்தா அவ குரலுக்கு நான் திரும்பியிருப்பேன். அவ இருந்திருந்தா, ‘என்னது, அடிஷனல் ஷீட் வேணுமா’ன்னு அவளே ஒரு தடவ திருப்பிச் சொல்லியிருப்பா. அவளுக்கு அந்தப் பழக்கம் ஒண்ணு உண்டு, யாரு என்ன சொன்னாலும் அத அப்படியே திருப்பிச் சொல்லுவா. ‘என்னது காந்திமதி, சனிக்கிழமையே கிளம்பணுமா’, ‘என்னங்கக்கா, மருமகன் வாங்கித் தந்த சேலையா.’ கிளிப்பிள்ளைன்னு காந்திமதி பேரே வச்சுட்டா. எனக்கு அந்தக் கிளிப்பிள்ளை தெய்வம் மாதிரி, விட்டுப் போனது எல்லாம் அவ வாய் வழியா ரெண்டாந்தடவ வந்து சேரும். நல்ல பழக்கம் வச்சிருக்கா, எனக்கு வாச்சதுன்னு நெனச்சுக்கிடுவேன்.

நேத்து மத்தியானம் காந்திமதி என்னமோ சொன்னா. என்ன சொன்னா. சாப்பிடும்போது. வீட்டப் பத்தி அக்காவுக்கும் ஜெனோவாவுக்கும் வந்த சண்டை முடிஞ்ச பெறகு, ஜெனோவா டிபன் பாக்ஸ எடுத்துட்டு வெளிய போனதும், என் மூஞ்சிக்கு நேரா உக்காந்து சொன்னா, அதுனால முழுசாக் கேட்டுச்சு. ‘இவ ஒரு புதிருட்டி வடிவு. போன மாசம் அவளும் நானும் பேப்பர் கட்டு வாங்கத் தூத்துக்குடி போனோம்லா, போக வர நாலு மணி நேரம், நான் சொன்னது ஒண்ணையாவது திருப்பிச் சொல்லணுமே, ம்னு கூடச் சொல்லல. இங்க நீ உக்காந்திருக்கும்போதுதான் வாயி ஓயாது.’ நான் சிரிச்சேன், அப்ப. அவளும் சிரிச்சா. சிரிச்சுட்டு ரசத்த ஊத்திட்டோம். நீ உக்காந்திருக்கும்போதுதான். நீ உக்காந்திருக்கும்போது. இந்தா பாரு, பேனா மூடிக்காரி இப்ப வேகமா எழுதுதா, கண்டுபிடிச்சிட்டா போல. நான் வரிசைக்கு நடுவுல அசையாம நிக்கேன். நான் உக்காந்திருக்கும்போது மட்டும் ஒருத்தி ஏன் கிளிப்பிள்ளை ஆகணும். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஜெனோவா ஸ்டாஃப் ரூம்ல நாற்காலிய மாத்திப் போட்டா, ஃபேன் காத்து தலையில நேரா விழுதுன்னு சொன்னா, மாத்திப் போட்ட எடம் எனக்கு நேர் எதிரு, அங்கயும் ஃபேனு நேராத்தான் அடிக்கு. அசெம்பிளியில எப்பவும் என் எடது பக்கம் வந்து நிப்பா, எடது காதுலதான் எனக்குக் கொஞ்சமாவது விழும், அது எனக்கும் டாக்டருக்கும் மட்டுந்தான் தெரியும்னு நெனச்சிருந்தேன். பேசுறதுக்கு முன்னாடி தோளத் தொடுவா. கைய ஆட்டி ஆட்டிப் பேசுவா, பி.டி. டீச்சர் புத்தின்னு விட்டுட்டேன். வட்ட மேசை. வட்ட மேசையில உக்காந்தா நாலு மூஞ்சியும் தெரியும். வராந்தா லைட்டு, இருட்டுல உதடு தெரியாது. கடகடங்குற ஏசி. மோட்டார் படகு. அட பாவி. அட பாவி மகளே. ஒவ்வொண்ணா எனக்காகப் பர்னாந்துகிட்ட மல்லுக்கட்டியிருக்கா, எனக்கு ஒரு வார்த்தை கூடச் சொல்லாம, கிறுக்கின்னு பேரு வாங்கிக்கிட்டு.

கோவந்தான் வருது மொதல்ல. எனக்குத் தெரியாம என்னையத் தாங்குறதுக்கு இவ யாரு, நான் என்ன நடக்க முடியாதவளா, ரெண்டு வருஷமா நான் ஒளிச்சு வச்சத இவ பாத்துட்டே இருந்திருக்கா, நான் ஆடுன நாடகத்தையெல்லாம் முன் வரிசையில உக்காந்து பாத்திருக்கா, ஒரு நாளாவது கைதட்டியிருக்கலாம், ஒரு நாளாவது சிரிச்சிருக்கலாம். சிரிக்கல அவ. யாருகிட்டயும் சொல்லல. சொல்லியிருந்தா காந்திமதி வாயில நிக்காது, அது நேத்தே வெளிய வந்திருக்கும். அப்ப நேத்து நடந்த சண்டை. ஷம்சாத் அக்காவுக்கு அப்படிக் கோவம் வந்து நான் பாத்ததில்ல, கண்ணாடியக் கழத்தி மேசையில வச்சாங்க, அவங்க மூஞ்சி எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. ‘பெரியதாழையில பொறந்தவளுக்கு அலைச்சத்தம் ஆகாதாக்கும். யாருகிட்டட்டி கதை விடுத. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன் உங்ககிட்ட. முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல ஒண்ணு. என் கூட வரப் பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லிட்டுப் போ.’ ஜெனோவா அதுக்கு என்ன சொன்னா. ‘எனக்குத் தூக்கம் வராதுக்கா’ன்னு சொன்னா. அவ்வளவுதான். அலைக்குப் பக்கத்துல தொட்டில் கட்டி வளத்த பிள்ளை, எனக்குத் தூக்கம் வராதுக்கான்னு சொல்லிட்டுத் தரையப் பாத்தா. என்னைய ஒரு தடவ கூடப் பாக்கல. பாத்திருந்தா நான் பிடிபட்டிருப்பேன், அதுக்காகப் பாக்கல. நான் அந்த நேரம் என்ன பண்ணினேன், அப்பளத்த நொறுக்கிட்டு உக்காந்திருந்தேன், நல்லதாப் போச்சு, இவளே சண்டை போடட்டும்னு. இத எங்க போயிச் சொல்ல. அம்பத்திமூணு வயசு, எத்தன பிள்ளைகளுக்கு நட்புன்னா என்னன்னு கரும்பலகையில எழுதிப் போட்டிருக்கேன், பத்து மதிப்பெண் கேள்வி, உட்தலைப்போட. அந்தப் பி.டி. டீச்சர் ஒரு பக்கம் கூட எழுத மாட்டா. அவகிட்ட நான் படிக்கணும். இப்ப நான் தோப்புவீடுன்னு சொன்னா என்ன ஆகும். ஷம்சாத் அக்கா சரின்னு சொல்லுவாங்க, வருவாங்க, மூணு நாளும் ஜெனோவா கூட மூஞ்சி குடுத்துப் பேச மாட்டாங்க, அப்புறம் ஓசூருக்குப் போயிருவாங்க. இருபத்திரெண்டு வருஷம் அப்படி முடியும். ஜெனோவா அதையும் வாங்கி வச்சுக்கிட்டுச் சும்மா இருப்பா. கரைவீடுன்னு மட்டும் சொல்லிட்டு வாய மூடிக்கிட்டா, இவ அங்கயும் வந்து கடல் எரைச்சலுக்கு மேல மூணு நாளு தொண்டை கிழியத் திருப்பித் திருப்பிச் சொல்லிட்டுக் கெடப்பா. ரெண்டுமே அவ தலையிலதான் விடியும், நான் வாயத் திறக்காத வரைக்கும்.

பிள்ளைக கைய உதறுதுக, கடைசிப் பக்கத்துக்குப் போகுதுக, வார்னிங் பெல்லு அடிச்சிருக்கும். வாட்ச் ஒண்ணு பத்து. நூலக் கட்டுங்கம்மா, நம்பரச் சரி பாருங்கன்னு ஒவ்வொரு பெஞ்சாச் சொல்லிட்டு வாறேன். சன்னலோரக்காரி நாலு தடவ கூப்பிட்டவ, அவ பேப்பர வாங்கும்போது குனிஞ்சு, ‘எனக்குக் காது கொஞ்சம் மந்தம்மா, அதான் கேக்கல, உன் மேல தப்பில்ல’ன்னு சொன்னேன். சொல்லிட்டேன். ஒண்ணும் ஆகல. அவ தலையாட்டிட்டு, ‘எங்க அத்தைக்கும் அப்படித்தான் மிஸ்’னுட்டு ஹால்டிக்கெட்ட எடுத்துட்டுப் போயிட்டா. இவ்வளவுதானா. கட்ட எண்ணிக் குடுத்துட்டு, கையெழுத்துப் போட்டு, கவரக் கிழிச்சுப் போன எடுக்கையில ஒண்ணு இருபத்தஞ்சு. ஆபீஸ் வராந்தாவுல ஒரே கூட்டம், பத்து ஸ்கூல் டீச்சருங்க, வெளிய பிள்ளைக, எல்லாச் சத்தமும் சேந்து எனக்கு ஒரே கஞ்சி. தூணோரம் நின்னு குரூப்பத் திறந்து டைப் பண்ணினேன், விரலு ரெண்டு தடவ தப்புச்சு. ‘கரைவீடே சொல்லிருங்க. ஷம்சாத் அக்கா, ஜெனோவாவுக்கு அலைச்சத்தம் ஒண்ணும் ஆகாம இல்ல. எனக்குத்தான் ரெண்டு வருஷமாக் காது கேக்கல. உங்க யாருகிட்டயும் சொல்லல, அவளுக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்காகத்தான் உங்ககிட்ட ஏச்சு வாங்கினா. அவகிட்ட கோவப்படாதீங்க, என்னைய ஏசுங்க, நேரா நின்னு ஏசுங்க, அப்பத்தான் கேக்கும்.’ அனுப்பிட்டேன். யோசிச்சா அனுப்ப மாட்டேன், அதுனால யோசிக்கல. மூணு பேருக்கும் நீலக் குறி விழுந்துட்டு. ஒண்ணு இருபத்தெட்டு. அப்ப போன் கையில கெடந்து நடுங்குது, ஜெனோவா. போன்ல பேசுறதுன்னா எனக்கு எப்பவும் நடுக்கந்தான், ஏதாவது சாக்குச் சொல்லி மெசேஜ்ல போடுன்னு வச்சிருவேன். எடுத்து எடது காதுல வச்சேன். அந்தக் குரலுதான், ஆனா என்ன சொல்லுதான்னு பிடிபடல, சுத்தி அவ்வளவு சத்தம், அழுதாளோ என்னமோ. ‘கேக்கலட்டி’ன்னேன். மறுபடியும் என்னமோ சொன்னா. ‘எனக்குக் காது கேக்கலட்டி ஜெனோவா, சத்தமாச் சொல்லு’ன்னு கத்தினேன், வராந்தாவே திரும்பிப் பாத்துச்சு, பாக்கட்டும். அவ மூக்க உறிஞ்சிட்டு, மைதானத்துக்கு அந்தக் கடைசியில நிக்கவளக் கூப்பிடுத குரல்ல, ஒவ்வொரு சொல்லா நிறுத்திச் சொன்னா: ‘பர்னாந்துட்ட சொல்லிட்டேன். கரைவீடுதான். ஆளுக்கு ஒரு டார்ச் லைட்டு எடுத்துட்டு வரணும், அக்காகிட்டயும் காந்திமதிகிட்டயும் நான் சொல்லிருதேன். இருட்டுல எவ பேசுதாளோ அவ தன் மூஞ்சில அடிச்சுக்கிட்டுத்தான் பேசணும்.’